மிதக்கும் கட்டையை மூழ்க வைப்பது எப்படி?

மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைக்காரர்களுக்குச் சில விளக்கங்கள்

மளிகையை மட்டும் நம்பிக் கடை நடத்துவது இப்போது சிரமமாக இருக்கிறது. பென்னாகரம் போன்ற ஊர்களில் அரிசி, பருப்போடு பிளாஸ்டிக் சாமான், ஃபேன்சி சாமான், பூஜைப் பொருள் என்று இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்துத்தான் வியாபாரம் ஓடுகிறது. அந்த வரிசையில் மீன்தொட்டியும் சேர்ந்து வருகிறது. கண்ணாடித் தொட்டி, காற்று மோட்டார், தீவனம், கூழாங்கல், செடி ஆகியவை தினமும் விற்கும் சரக்கு அல்ல என்றாலும், புளியும் வெல்லமும் போல எறும்பு, வண்டு, மழை ஈரம் என்று பயப்பட வேண்டிய சரக்கும் அல்ல. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரிலிருந்து மீனும் சாமானும் வெளியூர்க் கடைகளுக்குப் போகின்றன. இந்த வியாபாரத்தில் அண்மைக் காலமாக வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் தொட்டிக்குள் வைக்கும் வேர்க்கட்டை. மொத்த வியாபாரிகள் இதை 'டிரிஃப்ட்வுட்' என்பார்கள்.

பிளாஸ்டிக் பொம்மைகளைவிட மரக்கட்டை தொட்டிக்குத் தனி அழகு தருகிறது. மீன்கள் அதன் அடியில் ஒதுங்குகின்றன. செடிகளை அதில் கட்டி வளர்க்கலாம். ஆனால் விற்ற மறுநாளே புகாரோடு திரும்பி வரும் சரக்கும் இதுதான். 'அண்ணாச்சி, நீங்க குடுத்த கட்டை தண்ணிக்குள்ள நிக்க மாட்டேங்குதே, மேலேயே மிதக்குதே' என்பதுதான் அந்தப் புகார். கல்லை வைத்து அமுக்கினால் இரவில் கல் நழுவிக் கட்டை மேலே வருகிறது. வரும்போது செடியைப் பிடுங்குகிறது, மோட்டார்க் குழாயைத் தட்டுகிறது, சில நேரம் நழுவிய கல் கண்ணாடியின் மேல் விழுகிறது. தொட்டியே விரிசல் விட்டால் நஷ்டம் கட்டையின் விலையோடு நிற்காது. குழந்தைகளுக்காக ஆசையாக வாங்கிய வீடு அடுத்த முறை தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போய் வாங்கும்.

கட்டை மிதப்பதற்குக் காரணம் என்ன, அதை அமிழ்த்தும் வழிகள் எவை, அதை எப்படி விற்றால் புகார் வராது என்பதை இங்கே பார்ப்போம். இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கடையில் இருக்கும் தராசும், லிட்டர் அளவும், ஒரு டிரம்மும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

மரம் ஏன் மிதக்கிறது?

முட்டை விற்கும் கடைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். புது முட்டையைத் தண்ணீரில் போட்டால் அடியில் படுக்கும். நாள்பட்ட முட்டை மிதக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இருந்த ஈரம் வெளியேறி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடுவதே காரணம். மரத்தின் கதையும் இதுவே.

மரத்தின் இழைச்சுவர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. முருங்கையானாலும் தேக்கானாலும் இந்தக் கணக்கில் அதிக வித்தியாசம் இல்லை. அப்படியிருந்தும் மரம் மிதக்கக் காரணம், அந்த இழைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சிறு அறைகள் இருப்பதுதான். உயிர் மரத்தில் அவற்றில் நீரும் இருக்கும். மரம் காய்ந்ததும் அந்த இடமெல்லாம் காற்றாகிவிடுகிறது. அறைகள் பெரிதாக இருக்கும் இலவம், முருங்கை போன்றவை பஞ்சு போல் மிதக்கும். அறைகள் மிகச் சிறிதாக, இழை அடர்த்தியாக இருக்கும் கருங்காலி காய்ந்த பிறகும் மூழ்கும். தேக்கும் கருவேலமும் இவற்றுக்கு இடைப்பட்டவை.

ஆகவே கட்டையை மூழ்க வைப்பது என்றால் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, அந்த இடத்தில் தண்ணீரை நிரப்புவது என்று பொருள். மேலே பாரம் வைப்பது அந்த வேலை முடியும்வரை தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடு மட்டுமே.

இதற்கு நேர் எதிரான வேலையை ஒரு காலத்தில் மர வியாபாரிகள் செய்தார்கள். நம் ஊரில் வீடு கட்டுபவர்கள் பெருமையாகச் சொல்லும் பர்மா தேக்கை ஐராவதி போன்ற ஆறுகளில் மிதக்கவிட்டுத்தான் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையையும் அதன் உள்ளே உள்ள வெளிமரத்தையும் வெட்டிவிட்டு, மரத்தை நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிட்ட பிறகுதான் சாய்ப்பார்கள். நீர் வெளியேறிக் காற்று புகுந்தபின் மரம் மிதந்தது. அவர்கள் மிதக்க வைப்பதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள் என்றால், நாம் அதைத் திருப்பி மூழ்க வைப்பதற்குச் சில வாரங்களாவது காத்திருக்கத்தான் வேண்டும்.

எந்தக் கட்டையை வாங்கலாம்?

வெளியிலிருந்து வரும் கட்டைகளில் 'மோபானி' என்பது ஆப்பிரிக்க மரம். கனமானது, பெரும்பாலும் உடனேயே மூழ்கும். 'மலேசியன் டிரிஃப்ட்வுட்' என்று விற்கப்படும் கறுத்த கட்டைகளும் பெரும்பாலும் எளிதில் மூழ்கும். 'ஸ்பைடர் வுட்' எனப்படும், கிளை கிளையாகப் பிரிந்த வெளிர்நிற வேர்தான் அதிகம் தொல்லை தருவது. அழகு இதில் அதிகம், மிதப்பதும் இதில் அதிகம். நம் நாட்டுக் கட்டைகளில் கொய்யாக் கிளையும் வேரும் பலரால் பயன்படுத்தப்படுகின்றன.

எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்து, பட்டை உரிந்து, உறுதியாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் கட்டையும், முகர்ந்தால் அழுகல் வாடை வரும் கட்டையும் தொட்டிக்கு ஆகாது. பால் வடியும் எருக்கு, கள்ளி, அரளி ஆகியவையும், எட்டி மரமும் விஷம். வேம்பு பூச்சியைக் கொல்லும் மரம் என்பதால் அதைத் தொட்டியில் வைக்கக் கூடாது. தைல மரம், பிசின் கசியும் பைன் மரம் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். பழைய கதவு, ஜன்னல், பெட்டி மரங்களில் பெயின்ட்டும் கரையான் மருந்தும் ஏறியிருக்கும், அவையும் வேண்டாம்.

காவிரிக் கரையில் ஒதுங்கும் கட்டை

ஒகேனக்கல் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரு யோசனை வருவது இயல்பு. வெள்ளம் வடிந்த பின் காவிரிக் கரையில் வேரும் கிளையுமாக எத்தனையோ கட்டைகள் ஒதுங்குகின்றன. அவற்றைப் பொறுக்கி விற்றால் முதலே இல்லாமல் லாபம்தானே என்று தோன்றும். இது ஆபத்தான யோசனை.

நீரில் அடித்து வந்து கரை ஒதுங்கிய மரம் கேட்பாரற்ற பொருள் அல்ல. உரிமையாளர் தம் உரிமையை நிரூபிக்கும்வரை அத்தகைய மரம் அரசுடைமையாகவே கருதப்படும் என்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்திலேயே உள்ள ஏற்பாடு. அதோடு, கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் காப்புக் காடுகளைச் சேர்த்து 2022-ஆம் ஆண்டு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டைக்காக வனத்துறை விசாரணையில் போய் நிற்பது வியாபாரிக்கு அழகல்ல. யாராவது சாக்கில் கொண்டுவந்து மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ரசீது கொடுக்கும் மொத்த வியாபாரியிடம் வாங்குங்கள். அல்லது சொந்தத் தோட்டத்தில் கவாத்து செய்த கொய்யாக் கிளையைப் பயன்படுத்துங்கள்.

தராசே சொல்லும்

கட்டை எவ்வளவு மிதக்கும், எப்போது மூழ்கும் என்பதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடிஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன விதி இது: நீரில் அமிழும் பொருள் எவ்வளவு நீரை வெளியே தள்ளுகிறதோ, அவ்வளவு நீரின் எடை அந்தப் பொருளை மேலே தூக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் நமக்குக் கணக்கு சுலபம்.

முதலில் காய்ந்த கட்டையைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பின்பு அகலமான அன்னக்கூடையின் நடுவே ஒரு வாளியை வைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். கட்டையை இரண்டு மெல்லிய குச்சிகளால் முழுதும் அமுக்குங்கள். அன்னக்கூடையில் வழிந்த நீரை லிட்டர் அளவால் அளந்துகொள்ளுங்கள். வழிந்த லிட்டரிலிருந்து கட்டையின் கிலோவைக் கழித்தால் வருவதே மேலே தூக்கும் பாரம்.

உதாரணமாக, கட்டை 1.8 கிலோ, வழிந்த நீர் 2.6 லிட்டர் என்றால், தூக்கும் பாரம் 800 கிராம். அந்தக் கட்டை ஊறி, அதன் எடை 2.6 கிலோவைத் தாண்டும் நாளில்தான் மூழ்கும். அதாவது குறைந்தது 800 மில்லி தண்ணீரைக் குடிக்க வேண்டும். வாரம் ஒரு முறை கட்டையை வெளியே எடுத்து, மேல்நீர் வடிந்ததும் நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 2.3 கிலோ காட்டினால் இன்னும் 300 கிராம் பாக்கி. ஊறும்போது மரம் சற்றே உப்பும் என்பதால் கணக்குக்கு மேல் சிறிது கூடுதலாக ஏறும்வரை விட்டுவைப்பது நல்லது.

ஊறவைக்கும் முறை

நல்ல வழி ஊறவைப்பதே. உரமோ மருந்தோ எண்ணெயோ வைத்திராத பிளாஸ்டிக் டிரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஊறுகாய் டிரம், எண்ணெய் டிரம் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் பிசுக்கு போகாது. கட்டையை முரட்டு பிரஷ்ஷால் சோப்பு போடாமல் தேய்த்துக் கழுவி உள்ளே வைத்து, மேலே பாரம் ஏற்றி முழுதும் நீருக்குள் இருக்கும்படி செய்யுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பாதி ஊறாது.

கைவிரல் பருமனுள்ள கிளைகள் ஒன்றிரண்டு வாரத்தில் மூழ்கிவிடும். கைமுட்டி பருமனுள்ளவை ஒரு மாதம் கேட்கும். பெரிய அடிவேர்கள் பல மாதங்கள்கூட எடுக்கலாம். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். நீர் டீ போல் பழுப்பாக மாறும். அது மரத்தின் துவர்ப்புச் சத்து. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் அதே வகைச் சத்துதான். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நிறம் குறைந்துகொண்டே வரும்.

டிரம்மைத் திறந்து வைத்தால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். மூடி போடுங்கள் அல்லது துணியால் இறுகக் கட்டுங்கள். சுகாதாரத் துறையினர் சோதனைக்கு வரும்போது புழுவோடு ஒரு டிரம் அகப்பட்டால் கடைக்குக் கெட்ட பெயர்.

அவசரத்துக்குக் கொதிக்க வைத்தல்

பாத்திரத்துக்குள் அடங்கும் கட்டையானால் கொதிக்க வைத்து நாட்களைக் குறைக்கலாம். சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியேறுகிறது. ஆறும்போது உள்ளே ஏற்பட்ட வெற்றிடம் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ஆகவே கொதித்தவுடன் கட்டையை வெளியே எடுத்தால் பாதிப் பயன் வீண். அதே தண்ணீரில் மூழ்கிய நிலையிலேயே இரவு முழுதும் ஆறவிட வேண்டும்.

ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் வரை மெல்லக் கொதித்தால் போதும். எவர்சில்வர் அல்லது அலுமினிய அண்டாவில் செய்யுங்கள். செம்பு மீன்களுக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாது; எனவே செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். அந்த அண்டாவைப் பிறகு சமையலுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. பிரஷர் குக்கரில் கட்டையை வைக்கவே கூடாது. சில்லும் பட்டையும் போய் வெயிட் வால்வை அடைத்துவிடும். கொதிக்க வைப்பதால் கட்டையில் இருக்கும் பூச்சி, பூஞ்சை சாகும் என்பது கூடுதல் நன்மை. ஆனால் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால் நார் தளர்ந்து கட்டையின் ஆயுள் குறையும்.

கல்லோடு பிணைத்தல்

வாடிக்கையாளரால் காத்திருக்க முடியவில்லை, கட்டையும் முழுதாக ஊறவில்லை என்றால், கல்லோடு சேர்த்துத் திருகிக் கொடுப்பதே பாதுகாப்பான வழி. இதற்கு நம் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கிரானைட் அறுக்கும் இடங்களில் கழிவாகக் கிடக்கும் தட்டைத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கிரானைட் நீரில் கரையாது, நீரின் தன்மையை மாற்றாது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. ஏற்கெனவே கடின நீராக இருக்கும் ஊர்களில் அதைச் சேர்ப்பது சரியல்ல. எந்தக் கல் என்று சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு டாய்லெட் ஆசிட்டை எச்சரிக்கையாக விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். சோதித்த கல்லை நன்றாகக் கழுவுங்கள்.

எவ்வளவு கல் வேண்டும் என்பதில் பலர் கணக்கு தவறுகிறது. கல்லும் நீருக்குள் எடை குறையும். ஒரு கிலோ கிரானைட் தண்ணீருக்குள் சுமார் 620 கிராம்தான் இழுக்கும். எனவே நாம் மேலே பார்த்த கட்டையின் 800 கிராம் தூக்கும் பாரத்தைச் சமாளிக்க 1.3 கிலோ கல் குறைந்தபட்சத் தேவை. ஆட்டம் இல்லாமல் நிற்க 2 கிலோ வைத்துவிட்டால் கவலையில்லை. செங்கல் இதைவிட லேசானது, பொடியும் உதிரும்.

கல்லில் 6 மி.மீ. துளையிட்டு, அடிப்பக்கத்திலிருந்து எவர்சில்வர் திருகாணியைக் கட்டைக்குள் ஏற்ற வேண்டும். இரும்பு ஆணி துருப்பிடித்து உடைந்துவிடும். கட்டையின் கனமான, பருத்த பகுதிக்கு நேர் கீழே கல் வர வேண்டும். ஒரு நுனியில் மட்டும் கல்லைக் கட்டினால் மறு நுனி தூக்கிக்கொண்டு கண்ணாடியில் மோதும். கல்லின் அடியில் பிளாஸ்டிக் வலைத் துண்டு ஒன்றைப் போட்டுத் தொட்டியில் இறக்கி, மேலே இரண்டு அங்குலம் மணலோ கூழாங்கல்லோ பரப்பினால் கல் தெரியாது. அந்த மணலின் பாரமும் நமக்கு உதவி. சிறிய கிளையானால் நைலான் நூலால் கல்லோடு சேர்த்துக் கட்டினாலே போதும்.

செய்யக் கூடாதவை

நல்ல எண்ணத்தோடு சிலர் சொல்லும் சில வழிகள் தீமையில் முடிகின்றன. அவற்றையும் சொல்லிவிடுகிறோம்.

உப்புநீரில் ஊறவைத்தால் சீக்கிரம் மூழ்கும் என்பது தவறு. உப்புநீர் சாதாரண நீரைவிடக் கனமானது. அதில் கட்டை இன்னும் நன்றாகத்தான் மிதக்கும். கட்டைக்குள் ஏறிய உப்பு பிறகு தொட்டியில் இறங்கும். மளிகைக் கடையில் உப்பு மூட்டை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் அதை இதில் சேர்க்க வேண்டாம்.

வார்னிஷ், பெயின்ட் அடித்தால் காற்று உள்ளேயே அடைபட்டுவிடும். கட்டை என்றைக்கும் ஊறாது. பூச்சு உரிந்து நீரும் கெடும்.

எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு மூலையில் கிடக்கும் பழைய இரும்பு எடைக்கற்களைப் பாரமாக வைக்கலாமே என்று தோன்றலாம். இரும்பு துருப்பிடிக்கும் என்பதோடு, முத்திரை குத்துவதற்காக அந்த எடைக்கற்களின் குழியில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். ஈயம் தொட்டிக்குள் போகக் கூடாது. பித்தளை எடைக்கல்லில் செம்பு இருக்கிறது.

தொட்டியின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கட்டையை இறுக்கிச் செருகி நிறுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. காய்ந்த மரம் நீர் குடித்தால் நீளவாக்கில் அதிகம் வளராது. ஆனால் குறுக்குவாக்கில் நூற்றுக்கு நான்கு முதல் எட்டுப் பங்கு வரை உப்பும். கண்ணாடிக்கு அந்த அளவு விட்டுக்கொடுக்கத் தெரியாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. நடு இரவில் அது வீட்டுத் தரையில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிலிகான் பசையால் கட்டையைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் ஒட்டுவதும் சரியல்ல. மரம் உப்பும்போது ஒட்டு விடும்; கட்டையை எடுத்துக் கழுவவும் முடியாது.

மூழ்கிய பின் வரும் சந்தேகங்கள்

கட்டை மூழ்கியதோடு கேள்விகள் தீர்ந்துவிடுவதில்லை. இரண்டு கேள்விகள் நிச்சயம் வரும்.

தண்ணீர் பழுப்பாகிறதே என்பது முதல் கேள்வி. இதனால் மீனுக்குக் கெடுதல் இல்லை. சண்டை மீன் வளர்ப்பவர்கள் நாட்டு வாதுமை இலையை வேண்டுமென்றே போட்டு இதே நிறத்தை வரவழைக்கிறார்கள். நிறம் பிடிக்காதவர்கள் வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் போகப் போகக் குறையும். குழாய் நீரில் குளோரின் இருக்கும் என்பதால், ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றச் சொல்லுங்கள்.

கட்டையின் மேல் வெள்ளையாகச் சவ்வு போல் படர்கிறதே என்பது இரண்டாவது கேள்வி. புதுக் கட்டையிலிருந்து கசியும் சத்தைத் தின்று வளரும் பூஞ்சையும் நுண்ணுயிரும்தான் அது. சில வாரங்களில் தானே மறையும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் கட்டையை எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மறுபடி வைக்கலாம். ஆனால் அழுகிய முட்டை போல் வாடை அடித்தால் கட்டை உள்ளே மக்குகிறது என்று பொருள். அதை எறிந்துவிட வேண்டியதுதான்.

விற்பனையில் கவனிக்க வேண்டியவை

இதுவரை சொன்னதன் சாரம் ஒன்றுதான். கட்டை மூழ்குவதற்குக் காலம் தேவை. அந்தக் காலத்தை வாடிக்கையாளர் வீட்டில் செலவழிப்பதா, நம் கடையின் பின்கட்டில் செலவழிப்பதா என்பதே கேள்வி. அவர் வீட்டில் செலவழித்தால் அது புகார். நம் கடையில் செலவழித்தால் அது சரக்கின் தரம். காய்ந்த கட்டையும் ஊறிய கட்டையும் ஒரே பொருள் அல்ல. ஊறிய கட்டைக்குக் கூடுதல் விலை கேட்பதில் தவறில்லை. கண் எதிரில் ஒரு வாளியில் போட்டு மூழ்கிக் காட்டினால் யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

ஆனால் ஊறிய கட்டையைக் கிலோக் கணக்கில் விற்கக் கூடாது. நம் உதாரணக் கட்டை 1.8 கிலோவாக வந்து 2.6 கிலோவுக்கு மேல் ஏறி நிற்கிறது. அந்த 800 கிராம் தண்ணீருக்கும் மர விலை வாங்குவது அரிசியை நனைத்து நிறுப்பதற்குச் சமம். கட்டைக்கு உருப்படி விலைதான் முறை.

கட்டையை வெறும் காகிதத்தில் சுற்றிக் கொடுக்காதீர்கள். ஈரச் சாக்கிலோ பிளாஸ்டிக் பையிலோ கட்டிக் கொடுத்து, அன்றைக்கே தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் காற்று மறுபடி புகுந்துகொள்ளும். மாதக்கணக்கில் ஊறியது வீணாகும். கடை அலமாரியில் அழகுக்கு வைப்பதற்குக் காய்ந்த கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு உள்ளது டிரம்மிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கட்டி, காய்ந்த எடை, வழிந்த லிட்டர், ஊறப்போட்ட தேதி மூன்றையும் எழுதிவைத்தால் கடைப் பையனே பதில் சொல்லிவிடுவான்.

ரசீதும் முக்கியம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது கொடுக்க மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரலாம். ஆகவே காய்ந்த கட்டையை விற்கும்போது 'ஊறாத கட்டை, மூழ்கச் சில வாரங்கள் ஆகும்' என்று ரசீதிலேயே எழுதி, வாயாலும் சொல்லி அனுப்புங்கள். தெரிந்து வாங்கியவருக்கும் தெரியாமல் வாங்கியவருக்கும் இடையில்தான் சண்டைக்கும் சமாதானத்துக்கும் உள்ள வித்தியாசம்.

பள்ளிக் கோடை விடுமுறையில்தான் குழந்தைகள் மீன்தொட்டி கேட்டு அடம் பிடிப்பார்கள். ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல் போகும் கூட்டமும் நம் கடைத்தெரு வழியாகத்தான் போகிறது. தை, மாசியில் ஒரு டிரம் கட்டையை ஊறப்போட்டால் சித்திரையில் விற்பனைக்குத் தயாராகிவிடும். சித்திரையில் காலியான டிரம்மை மறுபடி நிரப்பினால் ஆடிக்கு ஆகும். செலவு, டிரம்மும் தண்ணீரும்தான். உறுப்பினர்கள் இதைச் சிறிய அளவில், நான்கைந்து கட்டைகளோடு தொடங்கிப் பார்க்கலாம்.